இரண்டாம் முறை கேட்டபோது

எங்கள் துறையில் எழுதக்கூடாத சொற்கள் என்று சில இருந்தன. பிடிவாதம், சமர்த்து, சேட்டை, மந்தம், கூச்சம். குழந்தையைப் பார்த்து எழுதும் ரெக்கார்டு நோட்டில் இவற்றில் ஒன்று தட்டுப்பட்டாலும் பேராசிரியை சிவப்பு மையால் சுழித்து, ஓரத்தில் ‘என்ன செய்தான்?’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுவார். ‘உள்ளே வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான்’ என்று எழுதியிருந்த தோழி ஒருத்தி அந்த இடத்தை இப்படித் திருத்தி எழுதினாள்: ‘ஆயா வலது கையைப் பிடித்து இழுத்தார். அவன் இடது கையால் கதவு நிலையைப் பற்றிக்கொண்டான். தெருவில் போகும் சைக்கிளைப் பார்த்தான். ஆயா மறுபடி இழுத்தார். சைக்கிள் திருப்பத்தில் மறைந்தது. கையை விட்டான். உள்ளே வந்தான்.’ முன்பு எழுதியதில் ஒரு முரட்டுப் பையன் இருந்தான். திருத்தியதில், அப்பா கண்ணை விட்டு மறையும்வரை பார்த்துவிட்டு வரலாம் என்று நின்ற ஒரு பையன் இருந்தான். ஆயாவும் அதே வாசலில்தான் நின்றார். அவருக்குத் தெரிந்தது முரடன் மட்டும்தான்.

1983இல் கோவையில் மனையியல் சொல்லித்தரும் பெண்கள் கல்லூரி ஒன்றில் குழந்தை வளர்ச்சியை முதுகலைப் பாடமாக எடுத்தேன். சேர்ந்துவிட்டு ஊருக்குப் போனபோது அம்மாயி கேட்டார்: “புள்ள வளக்கறதக் காலேசுல போய்ப் படிக்கோணுமா அம்மணி? அதுல என்னதான் சொல்லித் தருவாங்க?” கிண்டலாகக் கேட்கவில்லை. அவர் ஆறு பெற்று நான்கை வளர்த்தவர். போன இரண்டும் ஏன் போயின என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. 1980களின் தொடக்கத்திலும் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கு மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கை முதல் பருவத்திலேயே படித்தோம். படித்த அன்று இரவு விடுதியில் எனக்கு நினைவு வந்தது அம்மாயிதான்.

அந்தப் படிப்புக்கு அது நல்ல காலம். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கிப் பரவிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கிக் கடனோடு ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்று வந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாமல் நின்ற பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை கொடுத்து, ஏறியதும் நிறுத்தும் திட்டம் அது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். ஊருக்கு ஊர் இரண்டு வயதிலிருந்து பிள்ளைகள் ஒரு கூரையின் கீழ் வந்து உட்கார்ந்தார்கள். சோறு வந்துவிட்டது. சோற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள நேரத்தில் அந்தப் பிள்ளைகளோடு என்ன செய்வது என்பதற்கு ஆள் தேவைப்பட்டது. அதற்காகத்தான் எங்களைத் தயார் செய்தார்கள் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

கல்லூரி வளாகத்திலேயே நர்சரிப் பள்ளி இருந்தது. வகுப்பறையின் ஒரு பக்கச் சுவரில் நெஞ்சு உயரத்துக்கு மேல் மெல்லிய கம்பி வலை. வலைக்குப் பின்னால் விளக்கில்லாத ஒரு சிறு அறை. வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைகளுக்கு நாங்கள் உள்ளே உட்கார்ந்திருப்பது தெரியாது. எதிரில் கடிகாரம், மடியில் நோட்டு. பிள்ளை பேசினால் அதன் வாயில் வந்தபடியே, கொச்சையோ தெலுங்கு கலந்ததோ, தமிழ் எழுத்தில் எழுத வேண்டும். மற்றதெல்லாம் ஆங்கிலத்தில். மாண்டிசோரி உருளைக் கட்டையில் ஒரு மூன்று வயதுப் பையன் தடித்த உருளை ஒன்றைச் சிறிய குழியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்ததை அப்படி உட்கார்ந்து பார்த்தேன். போகவில்லை. உருளையைத் திருப்பிப் பார்த்தான். குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தான். பிறகு அதே விரலால் ஒவ்வொரு குழியையும் தடவிக்கொண்டே போய், விரல் அகலமாக உலாவிய குழியில் உருளையைப் போட்டான். டீச்சர் அந்தப் பக்கம் வரவேயில்லை. வந்திருந்தால் சரியான குழியைக் காட்டிக் கொடுத்திருப்பார், அந்த விரல் வேலை நடந்தே இருக்காது. மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து, போர் மூண்டதால் நாடு திரும்ப முடியாமல் ஆண்டுக்கணக்கில் இங்கே தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். அந்தக் கட்டைகள் தமிழ்நாட்டுக்குப் புதியவை இல்லை. அவற்றின் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காரும் பழக்கம்தான் அரிதாக இருந்தது.

குழந்தையைப் பார்த்து எழுதுவது பெரிய ஆட்களின் வேலையாகவும் இருந்திருக்கிறது என்று வகுப்பில் அறிந்தபோது ஒரு பெருமை வந்தது. டார்வின் 1839இல் பிறந்த தன் முதல் மகனைப் பார்த்து எழுதிவைத்த குறிப்புகளை 1877இல்தான் கட்டுரையாக வெளியிட்டார். உளவியலாளர் பியாஜே தன் மூன்று குழந்தைகளின் தொட்டிலருகே நோட்டோடு உட்கார்ந்தவர். நாங்கள் சேர்வதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்புதான் காலமாகியிருந்தார். பியாஜேயைப் பற்றி என்னை ஆழமாகத் தொட்டது அவருடைய வளர்ச்சிப் படிநிலைகள் அல்ல. இளைஞராகப் பாரிஸில், பினே நிறுவிய ஆய்வுக்கூடத்தில், பிள்ளைகளுக்கான அறிவுத்திறன் தேர்வுகளைச் சீர்ப்படுத்தும் வேலை அவருக்குக் கிடைத்தது. சரியான விடைகளை எண்ணுவதுதான் வேலை. அவர் தவறான விடைகளில் போய் நின்றார். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரித் தவறு செய்கிறார்கள், அந்தத் தவறுக்குப் பின்னால் ஒரு யோசனை இருக்கிறது என்று கண்டார். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை அங்கே தொடங்கியது. தவறான விடைக்கு அடி மட்டுமே கிடைக்கும் பள்ளியில் படித்து வந்த எனக்கு, உலகத்தில் ஒருவர் அதை உட்கார்ந்து படித்திருக்கிறார் என்பது நம்ப முடியாத நல்ல செய்தியாக இருந்தது.

செய்முறைக்கு எங்களைக் கிராமத்துப் பால்வாடிகளுக்கு அனுப்பினார்கள். எனக்குக் கிடைத்தது நூல் மில்லுக்கு அப்பால், சோளக்காடுகளுக்கு நடுவே இருந்த ஊர். ஓட்டுக் கட்டடம், வாசலில் வேம்பு, பின்னால் சமையல். பியாஜேயின் சோதனைகளை அங்கே செய்து காட்ட வேண்டும். தண்ணீர்ச் சோதனைக்குக் கண்ணாடி டம்ளர் வேண்டும், எவர்சில்வரில் மட்டம் தெரியாது. அந்தப் பிள்ளைகள் வீட்டில் கண்ணாடியைத் தொட்டால் முதுகில் விழும். டம்ளரைப் பார்த்ததுமே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். ஆகவே பொத்தான்களுக்கு மாறினேன். ஆறு வெள்ளைப் பொத்தான் ஒரு வரிசை, அதற்கு நேர் கீழே ஆறு கறுப்புப் பொத்தான். இரண்டும் சமமா, எதிலாவது அதிகமா என்று கேட்க வேண்டும். பிள்ளை சமம் என்றதும், அதன் கண்ணெதிரே ஒரு வரிசையை அகட்டி வைத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்க வேண்டும். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை நீண்ட வரிசையில்தான் அதிகம் என்று சொல்லும் என்பது புத்தகம்.

பச்சைப் பாவாடை போட்ட ஒரு பெண், ஐந்து வயது இருக்கும், என் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். “ரெண்டும் ஒண்ணுதானுங் டீச்சர்.” கறுப்பு வரிசையை அகட்டினேன். “இப்ப சொல்லு. ரெண்டும் ஒண்ணா, ஒண்ணுல அதிகமா?” அவள் பொத்தானைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பால்வாடி டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். கறுப்பு வரிசையில் விரலை வைத்தாள். புத்தகம் சொன்னபடியே நடந்துவிட்டது. ஏன் என்று காரணம் கேட்பது முறையில் உண்டு, கேட்டேன். மிகவும் தணிந்த குரலில் சொன்னாள்: “அதான் மறுக்கா கேட்டீங்கல்லங்.”

அதை அப்படியே நோட்டில் எழுதினேன். நம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒரு கேள்வியை இரண்டாம் முறை கேட்டால் என்ன பொருள் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். முதல் விடை தப்பு, மாற்றிச் சொல் என்று பொருள். அவள் எண்ணிக்கையைப் பற்றித் தவறாக நினைக்கவில்லை. என்னைப் பற்றி மிகச் சரியாக நினைத்திருந்தாள்.

மதியம் சோறு முடிந்து சின்னப் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் அவளை மறுபடி பார்த்தேன். கோயில் கல்தரையில் யாரோ எந்தக் காலத்திலோ கொத்திவைத்த பல்லாங்குழியில் பெரியம்மா மகளோடு ஆடிக்கொண்டிருந்தாள். பெரியவளுக்கு ஒன்பது பத்து வயது, இடுப்பில் ஒரு கைக்குழந்தை வேறு. பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும், குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். பெரியவள் வேகமாகப் போட்டுக்கொண்டு போகையில் ஒரு குழியில் இரண்டு கொட்டை விழுந்தது. பச்சைப் பாவாடை சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “ரெண்டு போட்ட. எடு.” எடுத்த பிறகும் விடவில்லை. “இப்ப நாலு இருக்குது. பசு எனக்கு.” எண்ணவில்லை, ஒரு பார்வைதான். அடுத்த கைக்கு எந்தக் குழியை அள்ளினால் கடைசிக் கொட்டை எங்கே போய் நிற்கும் என்று கண்ணாலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் குனிந்தாள்.

நானும் குத்தவைத்து உட்கார்ந்தேன். அவள் எடுத்த பசு நான்கையும் வாங்கி, கல்லின் மேல் அகலமாகப் பரப்பினேன். “இப்ப கூடிருச்சா கண்ணு?” அவள் சிரித்துவிட்டாள். “பரப்பினா எப்படிக்கா கூடும்? வேற கொட்டை போடலையே!”

எதுவும் சேர்க்கவில்லை, எதுவும் எடுக்கவில்லை, ஆகவே மாறவில்லை. எண்ணிக்கை மாறாமை பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது என்பதற்குப் பியாஜே ஏற்றுக்கொண்ட காரணங்களில் ஒன்று இதுவேதான். காலையில் என்னை டீச்சர் என்றாள், மதியம் அக்கா என்றாள். இடையில் அவள் மூளை ஏழு வயதுக்கு வளர்ந்துவிடவில்லை. கேட்ட ஆளும் கேட்ட இடமும் மாறியிருந்தன. பெரியவளையும் சொல்ல வேண்டும். பிறகு ஆட்டத்தில் சின்னவள் தடுமாறிய இடத்தில் அவள் விடையைச் சொல்லித்தரவில்லை, தன் கையை மெதுவாக்கினாள், அவ்வளவுதான். 1934இல் முப்பத்தேழாம் வயதில் காசநோயில் இறந்துபோன ரஷ்யர் வைகாட்ஸ்கி, பிள்ளை தனியாகச் செய்ய முடிவதற்கும் மூத்தவர் துணையோடு செய்ய முடிவதற்கும் நடுவே உள்ள அந்த இடத்தில்தான் கற்றல் நடக்கிறது என்று எழுதினார். வகுப்பில் அதைப் புரிந்துகொள்ளப் படாத பாடு பட்டோம். கோயில் கல்லில் அது இடுப்பில் குழந்தையோடு ஆடிக்கொண்டிருந்தது.

பேராசிரியை இரண்டு குறிப்பையும் படித்துவிட்டுப் பாராட்டு எதுவும் சொல்லவில்லை. நூலகத்துக்குப் போய் மார்கரெட் டொனால்ட்சன் எழுதிய ஒரு புத்தகத்தை எடுத்துவந்து என் மேசையில் வைத்தார். எடின்பரோவில் பணியாற்றிய உளவியலாளர் அவர். 1978இல் வந்த நூல். அங்கே 1974இல் அவரும் மெக்காரிகிலும் சேர்ந்து இதே வரிசைச் சோதனையைச் செய்திருந்தார்கள். ஒரே மாற்றம்: வரிசையைக் கலைப்பது ஆய்வாளர் அல்ல, பெட்டியிலிருந்து தப்பி வரும் ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை. பெரியவர் வேண்டுமென்று மாற்றியபோது தவறிய நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளில் பலர், கரடி கலைத்தபோது சரியாகச் சொன்னார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் ரோஸ், பிளாங்க் என்ற இருவர் கேள்வியை ஒரே ஒருமுறை, கலைத்த பிறகு மட்டும் கேட்டுப் பார்த்தார்கள். தவறுகள் குறைந்தன. ஸ்காட்லாந்துப் பிள்ளையும் அமெரிக்கப் பிள்ளையும் என் பச்சைப் பாவாடைக்காரியும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அன்றிரவு விடுதியில் அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டுத்தான் படுத்தேன். என் ஆய்வேட்டின் தலைப்பு அங்கே முடிவானது. சில பால்வாடிகளில் ஒருமுறை மட்டும் கேட்டும், அக்காவோ அண்ணனோ பொத்தானைக் கலைக்கும்படி விட்டும் பார்த்தேன். பெரிய முடிவு சொல்லும் அளவுக்குப் பிள்ளைகள் எண்ணிக்கை போதாது. ஆனால் புத்தகப்படி தவறியிருக்க வேண்டிய எத்தனையோ பிள்ளைகள் என் எதிரில் சரியாகச் சொன்னார்கள்.

அதன் பிறகு எந்த அளவுகோலைப் படித்தாலும் யார் கேட்கிறார்கள் என்பதுதான் முதலில் கண்ணில் பட்டது. மேரி எய்ன்ஸ்வர்த் தாய்–சேய்ப் பிணைப்பை அளக்க ஒரு சோதனை வகுத்தார். புதிய அறை, ஓர் அந்நியர், தாய் சற்று வெளியே போய்த் திரும்புவது, குழந்தை என்ன செய்கிறது என்று பார்ப்பது. அதற்கு முன்பே 1954–55இல் அவர் உகாண்டா கிராமங்களில் வீடு வீடாகப் போய்த் தாய்களோடு உட்கார்ந்து பார்த்தவர் என்பதைப் பலரும் சொல்வதில்லை. எங்கள் பேராசிரியை சொன்னார். சொல்லிவிட்டு, “நீ போற அந்த ஊர்ல அந்நியர்னு யாரை உட்கார வைப்பே?” என்று கேட்டார். நான் பதில் தேடினேன். அந்தத் தெருவில் ஒரு வயதுப் பிள்ளை விடிந்தது முதல் இருட்டும்வரை இடுப்பு மாறி இடுப்பு போய்க்கொண்டிருக்கும். அம்மா மில் ஷிப்டுக்குப் போவாள். அத்தை, சின்னம்மா, எதிர்வீட்டு ஆத்தா என்று யார் மடியிலும் அது தூங்கிவிடும். அந்தப் பிள்ளைக்குப் பிணைப்பு குறைவு என்று எந்தத் தாளிலும் எழுத எனக்கு மனம் வராது.

கெசல் யேல் பல்கலைக்கழகத்தில் தயாரித்த வளர்ச்சி அட்டவணைகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்த நாளில், விடுதியில் பக்கத்து அறைத் தமிழ் மாணவி பிள்ளைத்தமிழ் படித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் மாதத்தில் செங்கீரை, ஒன்பதில் சப்பாணி, ஓராண்டில் வாரானை. மாதக் கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போனதில் இருவரும் மகிழ்ந்துபோனோம். பிறகு நான் யோசித்தது வேறு. கெசலின் தாளில் குழந்தை தனியாக இருக்கிறது. உட்காருகிறது, நிற்கிறது, கட்டை அடுக்குகிறது. பிள்ளைத்தமிழில் அது ஒருபோதும் தனியாக இல்லை. கைகொட்டு என்று ஒருவர் கேட்கிறார், முத்தம் தா என்கிறார், வா வா என்று கை நீட்டுகிறார், நிலவைக் காட்டி அதையும் விளையாடக் கூப்பிடுகிறார். குழந்தை செய்வதெல்லாம் யாரோ அன்போடு கேட்டதற்கான பதில்தான். வளர்ச்சியை அளக்க எனக்குத் தெரிந்து அதைவிட நேர்மையான சட்டகம் கிடையாது. இதைத் தேர்வுத் தாளில் எழுத இடம் இருக்கவில்லை.

படிப்பு முடிந்ததும் பால்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன், ஓய்வு பெறும்வரை அதுதான். இடையில் ஊரெல்லாம் நர்சரிப் பள்ளிகள் முளைத்தன. மூன்று வயதுப் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, இது என்ன கலர், இது என்ன ஷேப் என்று கேட்டு இடம் கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானித்தார்கள். வாய் திறக்காத பிள்ளையைக் கைப்பிடித்து வெளியே கூட்டிவந்து, “நேத்து வீட்ல சொன்னியேடா” என்று கண் கலங்கிய தாய்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பள்ளிச் சேர்க்கையில் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இப்படித் தேர்வு நடத்துவதைத் தடை செய்திருக்கிறது. அதைப் படித்த அன்று உரக்கக் கத்த வேண்டும்போல் இருந்தது. நேற்று வீட்டில் சொன்னது பொய்யில்லை. முன்பின் தெரியாத ஒருவர் மேசைக்குப் பின்னால் இருந்து, தனக்கு விடை தெரிந்த கேள்வியை எதற்காகக் கேட்கிறார் என்று அந்தப் பிள்ளை யோசித்துக்கொண்டிருந்தது.

பயிற்சியின் முதல் நாளே அந்த எழுதக்கூடாத சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். தங்கள் மையத்துப் பிள்ளைகளில் ஒருவரை அரைமணி நேரம், வாய் பேசாமல், பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொல்வேன். ஒருமுறை பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பணியாளர் ஒருவர், நான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு நிறமே தெரியவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் குறித்திருக்கிறேன் என்றார். கண் டாக்டரிடம் காட்டச் சொல்லலாமா என்றும் கேட்டார். முதலில் பார்த்து எழுதுங்கள் என்றேன். மறுவாரம் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். பையனின் அப்பா தையல்காரர். சாயந்தரம் இவர் ரவிக்கை வாங்கப் போனபோது பையன் மெஷின் அடியில் உட்கார்ந்திருக்கிறான். அப்பா திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி, “மாம்பழக் கலருடா” என்கிறார், பையன் நூல்கண்டுப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறான். “கிளிப்பச்சை.” கொடுக்கிறான். “அது இல்லடா, கொஞ்சம் கரும்பச்சை.” மாற்றிக் கொடுக்கிறான். பெட்டியில் பச்சை மட்டுமே ஐந்தாறு விதம் இருந்தது என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தார். எங்கள் அட்டையில் இருந்த பச்சை ஒன்றுதான். அட்டையைக் காட்டி இவர் ஒவ்வொரு நாளும், சில நாள் இரண்டு மூன்று தடவையும், கேட்டிருக்கிறார்.

அந்தத் தையல்காரரிடமே தீர்ந்துபோன கண்டுகளைக் கேட்டு வாங்கி, ஒட்டியிருந்த நூலோடு ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மையத்தில் வைத்தார். ரவிக்கைத் துணிக்குப் பொருத்தம் பார்ப்பது அங்கே பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டானது. தையல்காரர் மகனிடம்தான் மற்றவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள் என்று அடுத்த பயிற்சிக்கு வந்தபோது சொன்னார். பதிவேட்டில் முன்பு எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதலாமா என்று கேட்டார். அடிக்க வேண்டாம், தேதி போட்டுக் கீழே எழுதுங்கள் என்றேன்.